தலைக்கு அளவெடுத்தல்

ஆனி மாதக் கடைசி. மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். தெள்ளாரில் அந்த நேரத்துக்கு என் வண்டிச் சாமான் கடைப்பக்கம் ஆள் வருவது அபூர்வம். ஒரு அப்பாவும் பிள்ளையும் வந்து நின்றார்கள். வாசலில் கறுப்பு நிறத்தில் 125 சிசி வண்டி. சீட்டின் மேல் ஒட்டிய பாலித்தீன் இன்னும் பிரிக்கப்படவில்லை. டேங்கில் சந்தனமும் குங்குமமும், முன் டயரில் எலுமிச்சம்பழம் நசுங்கிய ஈரம்.

"தம்பி, வண்டிக்கு இன்னின்னா போடணுமோ எல்லாம் போட்டுடு" என்றார் அப்பா. பட்டுத் தறி நெய்கிறவர். ஆரணியில் முதலாளியிடம் பாவும் பட்டும் ஜரிகையும் வாங்கி வந்து, வீட்டுத் தறியில் நெய்து, சேலையைக் கொண்டுபோய்ப் போட்டுக் கூலி வாங்குவது அவர் பிழைப்பு. அவருக்கு வேண்டியது கிராஷ் கார்டு, சீட் கவர், டேங்க் கவர், சைடு பாக்ஸுக்கு ஒரு நல்ல பூட்டு. பையன் கைபேசியைத் திறந்து அவனுடைய பட்டியலைக் காட்டினான். எல்.இ.டி. லைட், கறுப்பு வைசர், பெரிய கண்ணாடிகளைக் கழற்றிவிட்டுச் சின்னதாக இரண்டு, பின் சக்கரத்துப் பக்கம் இருக்கிற சாரி கார்டை எடுத்துவிட வேண்டும், அப்புறம் ஸ்டிக்கர்.

இரண்டு பட்டியலையும் காகிதத்தில் கூட்டினேன். ஆறாயிரத்துச் சொச்சம் வந்தது. அதில் வண்டிமேல் உட்காரப் போகிறவனுக்கென்று ஒரு ரூபாய்கூட இல்லை.

இதில் நான் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இருபத்து மூன்று வருஷமாக நான் விற்பதே அப்படித்தான். மடியிலிருந்து பிள்ளையை இறக்குகிற மாதிரி வண்டியை ஷோரூமிலிருந்து இறக்குவார்கள். முதல் கீறல் விழக் கூடாது என்பதுதான் கவலை. எங்கள் கடைச் சரக்கில் முக்கால்வாசி அந்தக் கவலையை நம்பித்தான் தொங்குகிறது.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. வந்தவாசியிலிருந்து திண்டிவனம் போகிற சாலையில் இருக்கிறது தெள்ளார். ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்ம பல்லவன் பாண்டியனை இங்கே வென்றுதான் ‘தெள்ளாறெறிந்த’ என்ற பட்டத்தை வாங்கினான். அன்றைக்கு எத்தனை கவசம் இந்த மண்ணில் புரண்டதோ! இன்றைக்குப் போலீஸ் ஜீப்பில் மைக் கட்டி ‘தலைக்கவசம், தலைக்கவசம்’ என்று கத்திக்கொண்டு போனால், டீக்கடையில் நிற்கிற ஒருவனும் அது தன்னைச் சொல்கிறது என்று நினைப்பதில்லை. ஹெல்மெட் என்றால்தான் திரும்பிப் பார்ப்பான்.

நானும் திரும்பிப் பார்க்காத ஆளாகத்தான் இருந்தேன், 2015 வரைக்கும்.

அந்த வருஷம் ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என்.கிருபாகரன் உத்தரவு போட்டார். ஜூலை 1 முதல் இருசக்கர வண்டியில் போகிற எல்லோருக்கும், பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்து, ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ஹெல்மெட் கட்டாயம். இல்லாவிட்டால் வண்டிக் காகிதங்களைப் பறித்துக்கொள்வார்கள். தமிழ்நாடு முழுக்க ஹெல்மெட்டுக்குத் தட்டுப்பாடு வந்தது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு நான் போனபோது தெரிந்த கடைக்காரர்களே கையை விரித்தார்கள். வெறுங்கையோடு திரும்பி வந்த மறுநாள் ஒரு டெம்போக்காரர் கடை வாசலில் சாக்கு மூட்டைகளோடு நின்றார். உள்ளே அத்தனையும் ஹெல்மெட். பளபளவென்று இருந்தது, பின்னால் ஐ.எஸ்.ஐ. என்று ஸ்டிக்கரும் இருந்தது. ஒன்பதே நாளில் நூற்றெண்பது விற்றேன். தேர்த் திருவிழாவில் பொரி விற்பவன்கூட அப்படி விற்றிருக்க மாட்டான்.

அதில் ஒன்றை என் சகலைக்குக் காசு வாங்காமல் கொடுத்தேன். கல்யாணச் சமையல் மாஸ்டர் அவர். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி வேலை முடித்துத் திரும்பும்போது, பின்னால் விளக்கே இல்லாமல் போய்க்கொண்டிருந்த கரும்பு டிராக்டர் பெட்டியில் போய் மோதினார். ஹெல்மெட்டை மறுநாள் காலையில் பக்கத்து நெல் வயலில் எடுத்தோம். ஸ்ட்ராப் அறுபடவில்லை. அதைக் கூட்டோடு பிடித்திருந்த ரிவெட்டே பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை. தலை தரையில் படுவதற்கு முன்பே அது கழன்று போயிருக்கிறது.

சகலை பிழைத்துக்கொண்டார். ஆனால் மோப்பம் போய்விட்டது. மண்டையின் பின்பக்கம் அடிபட்டால் மூக்கிலிருந்து மூளைக்குப் போகிற மெல்லிய நரம்புகள் அறுந்துவிடலாம் என்றார்கள். இன்றைக்கும் அவர் சமைக்கிறார். கறி அடிபிடிக்கிறதா என்று பார்க்கப் பக்கத்தில் நிற்கிற பையனைக் கூப்பிட்டு "மோந்து பாருடா" என்கிறார். என்னை இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மீதமிருந்த பதினோரு ஹெல்மெட்டில் ஒன்றை எடுத்து ஹேக்ஸா பிளேடால் நடுவில் அறுத்தேன். உள்ளே இருந்தது டி.வி. பெட்டிக்குள் வருகிற தெர்மாகோல். கட்டைவிரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்தது. பழைய நல்ல ஹெல்மெட் ஒன்றையும் அறுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதிலும் இருப்பது தெர்மாகோல்தான், ஆனால் மணி மணியாக இறுகி, நகம் இறங்காமல் நின்றது. அந்த இரண்டு பாதிகளும் இன்னும் என் மேசையில் இருக்கின்றன. யாராவது "எல்லாம் ஒண்ணுதான்ணா, விலை கம்மியா காட்டுங்க" என்றால் பேசாமல் அவர் பக்கம் தள்ளிவிடுவேன்.

வேலை செய்வது அந்த வெள்ளைப் பொருள்தான். நாம் கீழே விழுந்து தலை சட்டென்று நின்றாலும், உள்ளே மூளை வந்த வேகத்திலேயே போய் மண்டையோட்டில் மோதும். தெர்மாகோல் நசுங்கிக்கொடுத்து, தலை அப்படி நிற்பதைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது. எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, மிதித்தால் தோல் நசுங்கும், பருப்பு தப்பும். தோல் ஒருமுறைதான் நசுங்கும். அதனால் ஒரு பெரிய அடி வாங்கிய ஹெல்மெட், வெளியே பார்க்க எவ்வளவு புதிதாக இருந்தாலும் அதன் ஆயுசு முடிந்தது. பழைய ஹெல்மெட்டைப் பாதி விலைக்கு விற்றுத் தரச் சொல்லி வருகிறவர்களை நான் திருப்பி அனுப்புவது இதனால்தான்.

ஹெல்மெட் பற்றிய ஆராய்ச்சிக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் விபத்து இருக்கிறது. ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று பேர்பெற்ற டி.இ.லாரன்ஸ் 1935-ல் இங்கிலாந்தில் சைக்கிளில் வந்த இரண்டு பையன்களுக்காக ஒதுங்கப் போய் விழுந்தார். ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஒருவரான ஹ்யூ கெய்ர்ன்ஸ் அதை விடவில்லை. ராணுவத்தில் மோட்டார் சைக்கிளில் தபால் கொண்டுபோகிறவர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-ல் கட்டுரை வெளியிட்டார். பிறகு பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் அறிக்கை, ஹெல்மெட் போட்டால் சாவு 42 சதவீதமும் தலைக்காயம் 69 சதவீதமும் குறைகிறது என்கிறது. இதை நான் கடையில் சொல்வதில்லை. சதவீதம் சொன்னால் நம் ஆட்கள் தள்ளுபடி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அன்றைக்கு வந்த பையனை ஸ்டூலில் உட்காரவைத்தேன். இழுப்பறையில் இருக்கிற தையல் டேப்பை எடுத்தேன். புருவத்துக்கு ஒரு விரல் மேலே, காதுக்கு மேலே, பின்மண்டை அதிகம் புடைத்திருக்கிற இடத்தைச் சுற்றி அளவெடுத்தேன். ஐம்பத்தேழரை சென்டிமீட்டர். ஹெல்மெட்டில் 560, 580, 600, 620 என்று மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். இவனுக்கு 580.

"ஷோரூம்லயே ஒண்ணு குடுத்தாங்களே" என்றார் அப்பா. புது வண்டியோடு பி.ஐ.எஸ். தரத்தில் ஹெல்மெட் சேர்த்துத் தரவேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. கொடுத்ததை எடுத்து வரச் சொன்னேன். 600. போட்டுக்கொண்டு பையன் தலையை ஆட்டினால் ஹெல்மெட் ஒரு பக்கமும் மூக்கு ஒரு பக்கமும் போனது.

கண்ணாடியில் முகம் பார்த்து ஹெல்மெட் வாங்குகிறவர்கள்தான் நிறையப் பேர். நான் பார்ப்பது வேறு. போட்டவுடன் கன்னம் கொஞ்சம் பிதுங்க வேண்டும். வாயை மென்றால் கன்னத்தின் உள்சதை பல்லில் படுகிற மாதிரி இருக்க வேண்டும். முன்பக்கத்துத் தாடைப் பகுதியைப் பிடித்து அசைத்தால் ஹெல்மெட்டோடு சேர்ந்து முகத்துத் தோலும் நகர வேண்டும். ஸ்ட்ராப்பைப் பூட்டிவிட்டுப் பின்னாலிருந்து மேல்நோக்கித் தள்ளினால் கண்ணுக்கு முன்னால் சுருண்டு கழன்று வரக் கூடாது. தாடைக்கும் ஸ்ட்ராப்புக்கும் நடுவில் இரண்டு விரல் போகலாம், மூன்று போகக் கூடாது. "இறுக்குதுண்ணா" என்றான் பையன். இறுக்கட்டும். பஞ்சு ஒரு மாதத்தில் முகத்துக்குப் பழகிவிடும். நெற்றியில் ஒரே இடத்தில் மட்டும் குத்தி வலித்தால்தான் வேறு மாடல் பார்க்க வேண்டும்.

முத்திரையையும் காட்டிக்கொடுத்தேன். ஐ.எஸ்.ஐ. அடையாளத்துக்கு மேலே ஐ.எஸ். 4151 என்று தர எண் இருக்க வேண்டும். கீழே சி.எம்./எல். என்று தொடங்கி உரிம எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் எந்தக் கம்பெனி என்று வந்துவிடும். பையன் அங்கேயே போட்டுப் பார்த்தான். 2021 ஜூன் 1 முதல் இந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்டைச் செய்யவும் விற்கவும் கூடாது. ஆனாலும் சாலையோரத்தில் கயிறு கட்டித் தொங்குகிறவை எல்லாவற்றையும் நான் நம்ப மாட்டேன்.

கறுப்பு வைசரை வாங்கி மேசைக்குக் கீழே வைத்துவிட்டேன். செய்யாறு சிப்காட்டில் ஷூ கம்பெனியில் வேலை அவனுக்கு. ஷிப்ட் முடிந்து இருட்டில் வருகிறவனுக்குக் கறுப்புக் கண்ணாடி எதற்கு? எங்கள் சாலையில் ராத்திரியில் நெல் காயும், மல்லாட்டைக் கொடி காயும், அதைச் சுற்றிக் கல் அடுக்கி வைத்திருப்பார்கள். வெள்ளை அடிக்காத வேகத்தடை இருக்கும். கார்த்திகை மாதம் ஈசல் மாதிரிப் பூச்சி வந்து கண்ணில் விழும். வெள்ளை வைசர், கீறல் இல்லாதது, கீழே வரைக்கும் இறக்கிவிட்டது. அது போதும். கீறல் விழுந்துவிட்டால் எதிர் வண்டி வெளிச்சத்தில் முன்னால் ஒன்றும் தெரியாது. அதிகச் செலவில்லாமல் மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம் கை. இதில் எனக்கு ஒரு பெரிய பேச்சு தேவைப்படவில்லை. "அண்ணா, ஒங்க கையைக் காட்டுங்க" என்று அப்பாவைக் கேட்டேன். நீட்டினார். உழைக்கிற கை, ஆனால் விரல் நுனியும் உள்ளங்கையும் வழவழவென்று இருந்தன. சொரசொரப்பான கையில் பட்டு இழை பிடித்துக்கொள்ளும். கை சிராய்ந்தால் நெசவுக்காரர் ஆறும்வரை தறியில் உட்கார முடியாது. வண்டியிலிருந்து விழுகிறவன் முதலில் நீட்டுவது கையைத்தான். அது தவழுகிற குழந்தைக்கும் தெரிந்த பழக்கம், யாரும் மாற்ற முடியாது. லீவு நாளில் பையனும் தறியில் உட்காருவானாம். "குடு தம்பி, கிளவுஸ் ஒண்ணு குடு" என்றார் அவரே. உள்ளங்கையில் தடித்த தோல் வைத்துத் தைத்தது, மணிக்கட்டில் இறுக்கிக் கட்டுகிற பட்டை உள்ளது. பட்டை இல்லாத கிளவுஸ் விழும்போது உருவிக்கொண்டு போய்விடும்.

காலைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு.

"எந்தக் கம்பெனியில வேலைன்னு சொன்ன?"

சிரித்தான். வெளிநாட்டுக்காரன் ஓடுவதற்கு ஷூ தைக்கிறவன், கியர் போடக் கட்டைவிரல் நீட்டிக்கொண்டு செருப்பில் வந்திருக்கிறான். நான் ஷூ விற்பதில்லை. கணுக்கால் எலும்பை மூடுகிற மாதிரி, லேஸை உள்ளே சொருகிக்கொள்கிற மாதிரி எது இருந்தாலும் போடு என்றேன்.

ஜாக்கெட் விஷயத்தில் நான் உண்மையைச் சொல்லிவிடுவேன். தோள், முழங்கை, முதுகில் பேடு வைத்த வலை ஜாக்கெட் கடையில் இரண்டு தொங்குகிறது. ஒன்றுக்கு வெயிலில் நிறம் போய்விட்டது. அக்கினி நட்சத்திரத்தில் தெள்ளாரிலிருந்து செய்யாறு வரைக்கும் அதைப் போட்டுக்கொண்டு தினமும் போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நெடுந்தூரம் போகிறவன், ஏலகிரி, கொல்லிமலை என்று கிளம்புகிறவன் வாங்கட்டும். தினப்படிக்கு முழுக்கைச் சட்டை, தடித்த ஜீன்ஸ், உள்ளே முட்டிக்கு ஒரு பேடு. வழுவழு நைலான் சட்டை வேண்டாம். தாரில் உராய்ந்தால் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும்.

கண்ணாடியைக் கழற்ற மாட்டேன் என்று சொன்னதும் பையன் முகம் சுருங்கியது. பதினெட்டு வயசில் பின்னால் என்ன வருகிறது என்று பார்ப்பது கௌரவக் குறைச்சல். லைட்டும் அப்படித்தான். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் பகலிலும் முன்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஆரம்பத்தில் "பேட்டரி வீணாப் போவுதுண்ணா" என்று வருகிறவர்களுக்கு நானே சுவிட்ச் வைத்துக் கொடுத்தேன். மார்கழிப் பனியில் ஒரு நாள் எதிரே வந்த வண்டி பத்தடிக்குள் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வண்டியின் சுவிட்ச் என் கடையில் வைத்தது. அதோடு விட்டேன்.

அப்பா கேட்ட கிராஷ் கார்டைப் போட்டேன். நின்ற இடத்தில் வண்டி சாய்ந்தால் காலும் டேங்கும் தப்பும், அதுவரைக்கும் நல்லது. வண்டிக் கம்பெனியே தருகிற அளவுதான் போட்டேன். அகலமாக வெல்டிங் பண்ணி மாட்டுவது ஆட்டோவிலும் வரப்புக் கல்லிலும் போய் மாட்டிக்கொள்ளும்.

சாரி கார்டில்தான் சண்டை வந்தது. பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூட வேண்டும் என்று விதி 123 சொல்கிறது. நம் நாட்டுப் பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்து போவதைப் பார்த்து எழுதின விதி. ஆனால் வண்டி ‘பொம்பள வண்டி மாதிரி’ இருக்கிறதாம். கழற்றச் சொல்லி மாதம் இரண்டு பேராவது வருகிறார்கள். பின்னறையில் ஒரு மரப்பெட்டி நிறைய அந்தக் கம்பிகள் கிடக்கின்றன. என் தங்கை கல்யாணமான வருஷம், ஆரணிப் பட்டு கட்டி மாப்பிள்ளை பின்னால் உட்கார்ந்து வந்தவள் முந்தானை சக்கரத்தில் சுற்றியது. வேகம் இல்லை, உயிர் தப்பித்தது. ஜரிகை ஸ்போக்கோடு முறுக்கிக்கொண்டு கயிறு மாதிரி இறுகியிருந்தது. பிளேடு போட்டு அறுத்துத்தான் எடுத்தேன். இதைச் சொன்னபோது நெசவுக்காரர் முகத்தில் சேலைக்கான வருத்தம்தான் முதலில் தெரிந்தது. "எத்தினி நாள் நெய்யணும் தெரியுமா அதை" என்றார். பையன் மட்டும் கேட்கவில்லை. வண்டி அவன் சம்பளத்தில் வாங்கியது. கழற்றிக் கொடுத்தேன். அதற்கு மேல் பேச எனக்குத் தெம்பு இல்லை.

கிளம்பும்போது அப்பா பின்னால் ஏறி உட்கார்ந்தார், வெறுந்தலையோடு.

"ஒங்களுக்கு?"

"நான் பின்னாடிதானே தம்பி, எனக்கு இன்னாத்துக்கு?"

நாலு வயசுக்கு மேற்பட்ட யாருக்கும் வேண்டும் என்று 2019-ல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்றேன். அபராதம் என்றதும் இறங்கி வந்தார். அவர் தலை ஐம்பத்தாறு. சீட் கவரும் டேங்க் கவரும் பட்டியலிலிருந்து போயின. அந்தக் காசு அவர் தலைக்குப் போனது.

இருபது நாள் கழித்து அவர் மட்டும் வந்தார். ஆரணியில் சேலை போட்டுவிட்டு வந்தவழியில் பஸ்ஸைவிட்டு இறங்கியிருக்கிறார். சீட் கவருக்குத்தான் என்று நினைத்து எடுத்தேன். கையை ஆட்டினார்.

"அந்தக் கம்பி இருக்குதா தம்பி? ஆடிக் கிருத்திகைக்கு அவங்கம்மாவைக் கூட்டிக்கினு போறானாம்."

மரப்பெட்டியை வெளியே இழுத்துக் கொட்டினேன். அவன் வண்டியினுடையது அடியில் கிடந்தது. கம்பி இருந்தது, போல்ட் மூன்றில் ஒன்று இல்லை. பழைய வண்டி ஒன்றிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். காசு எவ்வளவு என்று கேட்டார். பொட்டலம் கட்டி அவர் பையில் வைத்துவிட்டு, "பையனை வண்டியோட அனுப்புங்க, நான் மாட்டித் தர்றேன்" என்றேன்.